தண்ணீர் முறை நாளில் ஒரு விழா

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்து மேற்குப் புறத்தில் மாதத்துக்கு ஒரு தெரு புதிதாக முளைக்கிறது. அதற்கு நடுவே பச்சையாகப் பரந்து கிடக்கும் பெரிய பூங்காவுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் பாய்ச்சுபவர் எவரிஸ்தோ. பதினான்கு நாளுக்கு ஒருமுறை மதகைத் திறப்பார். புல்வெளி முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர் நிற்கும். அடுத்த முறை எப்போது என்று கேட்டால் அட்டவணையைப் பார்க்க மாட்டார். விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

அதே பூங்காவில் நடக்கவிருந்த மகள் யாரெலியின் பதினைந்தாம் வயது விழாவுக்கும் அப்படித்தான் எண்ணி, தரை காய்ந்திருக்கும் நாளாகத் தேதி குறித்தார். கால்வாயைத் தூர்வார மூடியதில் முறை ஒரு வாரம் தள்ளிப்போனது நினைவில்லை.

அன்று அவருக்கு லீவு. அட்டவணைப்படி மதகைத் திறந்தது வேலைக் கூட்டாளி பெர்னாபே. மாலையில் விருந்தாளிகள் வந்தபோது, ஆட வேண்டிய இடம் குளமாகக் கிடந்தது.

“யோவ், ஊருக்கெல்லாம் நாள் சொல்ற ஆளு நீ,” என்றாள் மனைவி ஒபேலியா. “பெத்த பொண்ணுக்கு ஏரி வெட்டி வச்சிருக்க.”

“பேண்டுல டூபா ஊதுறவருக்கு நீச்சல் தெரியாதாம்,” என்றார் பெர்னாபே.

எவரிஸ்தோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வழக்கப்படி இந்த விழாவில் அப்பா மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி, அவளுடைய முதல் ஹீல்ஸை மாட்டிவிட வேண்டும். பிறகு இருவரும் ஆட வேண்டும். இதற்காக மூன்று மாதம் சமையலறையில் பழகியிருந்தார். வெள்ளை ஹீல்ஸ் சின்னத் தலையணைமேல் காத்திருந்தன.

“இப்ப மதகை அடைச்சாலும் நாளைக்குத்தான் வடியும்,” என்றார். “ஆட்டத்த விட்டுடலாமா, கண்ணு?”

யாரெலி தண்ணீரைப் பார்த்தாள். “வண்டில உங்க ரப்பர் பூட்ஸ் எத்தன ஜோடி இருக்குப்பா?”

“ரெண்டு.”

“அப்புறம் என்ன?”

பெஞ்சில் அமர்ந்து காலை நீட்டினாள். எவரிஸ்தோ மண்டியிட்டுச் செருப்பைக் கழற்றினார். சேறு காய்ந்த பூட்ஸின் நுனியில் காகிதக் கைக்குட்டைகளைத் திணித்து மாட்டிவிட்டார்.

“இதுக்குள்ள இன்னொரு ஆளு குடியிருக்கலாம்ப்பா.”

“பேசாம வா.”

டூபாக்காரர் தன் பெரிய பித்தளைக் குழலோடு மேசைமேல் ஏறி ஊதினார். அத்தைகள் கவுனின் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, அப்பாவும் மகளும் தண்ணீரைச் சிதறவிட்டுச் சுழன்றார்கள். இரண்டாம் பாட்டுக்குள் விருந்தாளிகள் பாதிப்பேர் செருப்பைக் கழற்றியிருந்தார்கள்.

“என் விழாவும் தண்ணி நாள்லதான் வேணும்,” என்றாள் சின்ன மகள்.

எவரிஸ்தோ உடனே விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒபேலியா அந்தக் கையைப் பிடித்து இறக்கி, வெறுங்காலோடு அவரை ஆட இழுத்துப்போனாள்.