காட்டுக்கிழங்கும் ஒரு நோட்டும்

கொல்லிமலையில் நான் வாத்தியாராக இருந்தபோது, தின்னக்கூடிய காட்டுச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. வாசலுக்கு வருவதற்குள் வேலியில் ஓர் இலையைக் கிள்ளி, முன்பல்லால் கடித்துப் பார்த்துத் துப்பினார்.

அவர் புத்தகத்தைப் படித்துத்தான் என் மனைவி காட்டுக்கிழங்கைச் சமைத்திருந்தாள். ‘நன்றாக வேகவைத்து உண்ணலாம்’ என்று அதில் போட்டிருந்தது. தின்றவள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் கோபமாக எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு, அவரே பஸ் ஏறி வந்திருந்தார்.

“ஏனுங்க, நீங்க தின்னு பாத்துத்தான் எழுதுனீங்களா?” என்று என் மனைவி கேட்டாள்.

“தின்னு பாத்தனுங்க. இதே மலையில தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு அம்மா வேகவெச்சுக் குடுத்தாங்க. ஏழு தடவ தண்ணிய வடிச்சுக் கொட்டோணுமாம். அன்னிக்கு அதை நான் கேக்கலீங்க. ருசிய மட்டும் எழுதிக்கிட்டேன்.”

அவர் தலை குனிந்ததைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“தின்னு எவ்வளவு நேரங்கழிச்சு வாந்தி வந்துச்சுங்க?”

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அடுத்த பதிப்பில் எச்சரிக்கையாகப் போடுவதாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். சொன்னபடி போடவும் செய்தார். அதைப் படித்து யாராவது பிழைத்திருக்கலாம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.