கீழ் ஓட்டை திறக்க முன்னம்

செய்தி எங்கள் விஞ்ஞான ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மாங்குளத்தில் பாடசாலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது பார்த்தேன். துணுக்காய்ப் பக்கம் படிப்பித்த யசிந்தா ரீச்சர் காலமாகிவிட்டார். சுகமில்லாமல் இருந்தது தெரிந்ததுதான், ஆனாலும் செய்தியை இரண்டாம் முறையும் வாசித்தேன். அடுத்து வந்த நினைப்பைச் சொன்னால் நீங்கள் கோபிப்பீர்கள். அஞ்சலிச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நான் செத்தால் இத்தனை பேர் எழுதுவார்களா என்று யோசித்தேன்.

ரீச்சரை அறிந்த உங்களுக்கு அந்தப் பென்டிரைவ் வேலை நினைவிருக்கும். சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத பாடசாலைகளுக்கு நல்ல காணொளிப் பாடங்களாகத் தெரிவுசெய்து பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் சிலரிடம் வந்தது. நான் கணினி டிப்ளோமா முடித்தவன். படத் தெளிவு, ஒலி, பாடத்திட்டப் பொருத்தம் என்று இருபது கேள்விகளுடன் மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தேன். ரீச்சர் அதை மரியாதையாக மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு பாடத்தை வகுப்பில் ஓடவிட்டு, கடைசி வரிசை வாங்கில் போய் இருந்து, பிள்ளைகளின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திரை தன்ரபாட்டிலை ஓடும் சேர். அதை ஏன் நான் காவல் காக்கோணும்?” என்றார்.

நீர் வட்டத்துக்கு நான் முழுப் புள்ளி போட்டது, வெளிநாட்டில் செய்த அழகான அசைபடம் ஒன்று. ரீச்சர் வேண்டாம் என்றார். “அதிலை பனி கொட்டுது. பிள்ளையள் வாயைத் திறந்துகொண்டு பனியைப் பாத்ததுகள். நீராவியை ஒருத்தரும் காணேல்லை.” அவர் தெரிவுசெய்தது யாரோ ஒரு ஆசிரியை குசினியில் கைபேசியால் எடுத்தது. படம் ஆடியது, நடுவில் சேவல் கூவியது. கொதிக்கும் கேத்தலுக்கு மேலே பிடித்த மூடியில் தண்ணீர் துளித்துளியாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். அவர் பிழை என்று காட்டுவதற்காகவே அதை என் வகுப்பில் போட்டேன். முடிந்ததும் ஒரு பிள்ளை எழும்பி, “சேர், மூடியும் சுட்டா தண்ணி பிடிக்குமோ?” என்று கேட்டது. என்னுடைய எந்தப் பாடத்திலும் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் நானே ஒரு பாடம் செய்தேன். திரவ அமுக்கம். மேசை விளிம்பில் வைத்த போத்திலில் மேலிருந்து கீழாக மூன்று ஓட்டைகள், ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கத் தண்ணீர் பாயும் தூரம் கூடும். குளத்துக் கட்டு அடியில் ஏன் அகலம் என்று காட்டக் கனகராயன்குளம் வரை போய் எடுத்தேன். இசை சேர்த்தேன். தொடக்கத்தில் நானே சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு தோன்றிப் பேசினேன். பன்னிரண்டு நிமிடம்.

ரீச்சர் அதைத் தன் வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசி வாங்கில் இருந்து எழும்பி வந்தார். “நல்ல வடிவாச் செய்திருக்கிறியள் சேர். ஆனா பிள்ளையள் உங்களைத்தான் பாத்ததுகள். தண்ணியைப் பாக்கேல்லை.”

என் பாடம் பென்டிரைவில் ஏறவில்லை.

அடுத்த முறை தெரிவுக் குழுவுக்குப் பெயர் எழுதும்போது பொறுப்பான அதிகாரி, “யசிந்தா ரீச்சரையும் போடுவமோ?” என்று கேட்டார். “அவா நல்லவா. கணினித் தகைமை எண்டுதான் ஒண்டும் இல்லை,” என்றேன். பொய் இல்லை. அவர் பேர் வெட்டுப்பட்டது. ஏன் என்று ரீச்சர் யாரிடமும் கேட்கவில்லை. சில நாள் கழித்து மாங்குளம் சந்தியில் கண்டபோது என்னை மறித்து, “சேர், அந்தப் போத்திலிலை ஓட்டை போட்ட கம்பி என்ன தடிப்பு?” என்று மட்டும் கேட்டார். நக்கல் அடிக்கிறார் என்று நினைத்து அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டுப் போனேன். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான். செய்ததைச் சொல்ல அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இருந்தது, நான் சொல்லவில்லை.

செத்தவீட்டில் அவருடைய கணவர் ஒரு பென்டிரைவைக் கையில் தந்தார். “பள்ளிக்கூடச் சாமான் சேர். உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவா.” அதில் அவர் தன் வகுப்புக்கெனத் தெரிவுசெய்த பாடங்கள் எல்லாம் இருந்தன. ஒன்றின் பெயர், ‘சேரின்ர போத்தில் – கீழ் ஓட்டை திறக்க முன்னம் நிப்பாட்டினது’. என் பாடம். முகம் இல்லை, இசை இல்லை, குரலும் இல்லை. மேல் ஓட்டை, நடு ஓட்டை, பிறகு மூன்றாவதை நோக்கிப் போகும் என் விரல். அந்த இடத்தில் வெட்டியிருந்தார். நாற்பது விநாடி.

போன கிழமை அதை வகுப்பில் போட்டேன். விரல் நின்றதும் வகுப்பு கலகலத்தது. எவ்வளவு தூரம் பாயும் என்று ஆளுக்கொரு இடம் காட்டினார்கள். ஒரு பிள்ளை ஓடி வந்து படம் விழுந்த பலகையில் கோடே போட்டது. பிறகு உண்மைப் போத்தில் ஒன்றை வைத்துத் திறந்து பார்த்தோம். நான் கடைசி வாங்கில் இருந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் பாடத்தை என்னைவிட நன்றாகப் படிப்பித்துவிட்டாரே என்று, இறந்த மனுசியில் எனக்குப் பொறாமை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நாற்பது விநாடிதான். இந்த முறை பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறேன். ‘தெரிவு செய்தவர்’ என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதினேன். பக்கத்தில் ‘தகைமை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பட்டியல் படிவமும் நான் தயாரித்ததுதான். அதில் ‘கடைசி வாங்கில் இருந்து பார்த்தவர்’ என்று எழுதினேன்.

அந்தத் தகைமை எனக்கு இன்னும் இல்லை.