றக்வானையில் கை நனைத்த கதை

எங்க சொந்தபந்தத்துல ஒரு பொண்ணையோ மாப்பிள்ளையையோ விசாரிக்கணும்னா என்னைத்தான் அனுப்புவாங்க. மூனாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். றப்பர் தோட்டத்துல பால் வெட்ட ஆரம்பிச்சு, குருவிட்டயில சொந்தக் கடை போட்டு, லொறி வாங்கினவன். பொலிசு அடிச்சுக் கேட்டும் வராத பேச்சு, நான் வெத்தலை மடிச்சுக் கொடுத்தா வந்துரும். நம்ம பக்கத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

என் வழி லேசானது. நேரா கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா ஆளு உசாராயிருவான். தெரிஞ்சே ஒன்னைத் தப்பாச் சொல்லணும். "பொண்ணுக்கு மூனு அண்ணன்மாராமே"ன்னா, "யாரு சொன்னா? ஒருத்தன்தான், அவனும் கொழும்புல"ன்னு வரும். திருத்த ஆரம்பிச்ச வாய் லேசுல மூடாது.

தங்கச்சி மகனுக்கு றக்வான பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொண்ணு வந்துச்சு. நாட்டுல சண்டை நடந்த காலம். வழியில பஸ்ஸை நிப்பாட்டின சிப்பாய், எங்க போறேன்னு கேட்டான். "கல்யாண விசயமா"ன்னு சிங்களத்துல சொன்னேன், விட்டுட்டான். அப்படி நேராக் கேட்டா அவ்வளவுதான் கிடைக்கும்.

முதல்ல சிங்களவர் தேத்தண்ணிக் கடை, அப்புறம் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துல, பொம்பளைங்க தண்ணி பிடிக்கிற பீலிக்கரை. எல்லாரும் நல்லதையே சொன்னாங்க, அதுவும் ஒரே மாதிரி. எனக்கு அங்கதான் இடிச்சது. வீட்டுக்கே போனேன்.

பொண்ணோட அம்மா புருசன் இல்லாதவங்க, கொழுந்து எடுக்கிறவங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னாங்க, அதுக்கு மேல ஒரு சொல்லு இல்ல. என் வித்தை ஒன்னும் எடுபடல. எனக்கு ரோசம் வந்துருச்சு.

எங்க வழக்கத்துல சம்பந்தம் முடிவாகாம பொண்ணு வீட்டுல கை நனைக்கிறதில்ல. தேத்தண்ணி குடிக்கலாம், சோறு கூடாது. சோறு தின்னா வாக்குக் கொடுத்த மாதிரி. அது தெரிஞ்சுதான் அந்தம்மாவும் சோத்துக்குக் கூப்பிடல.

"பசிக்குதும்மா. சோறு இருக்கா?"ன்னேன்.

அவங்க என்னையே பார்த்தாங்க. "அண்ணே, யோசிச்சுத்தான் கேக்குறீங்களா?"

"பசிக்கு என்ன யோசனை? போடுங்க."

பருப்பும் கருவாடும் வந்துச்சு. பாதி சாப்பிடுறப்ப அந்தம்மா கிட்ட வந்து தரையில உக்காந்தாங்க. குரலே மாறிப்போச்சு.

"இனி நீங்க எங்க மனுசரு, ஒளிச்சா பாவம். வயசுக்கு வந்தப்ப அவளுக்கு வலிப்பு வந்துச்சுங்க. ரத்னபுரி ஆஸ்பத்திரியில மருந்து எடுக்குறோம். இப்ப ரெண்டு வருசமா வரல. லயத்துல எல்லாருக்கும் தெரியும். பொம்பளைப் பிள்ளைன்னு யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

உண்மையைச் சொல்றேன், முதல்ல எனக்கு வந்தது சந்தோசம். வாங்கிட்டேன்ல! அப்புறம்தான் கையில இருந்த சோத்தைப் பார்த்தேன். கிளம்புறப்ப அந்தப் பிள்ளை வந்து கால்ல விழுந்துச்சு. என் கை தன்னால அது தலைக்குப் போச்சு.

ஊர் திரும்பித் தங்கச்சி வீட்டுக்குப் போனேன், அவ கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா.

"என்னண்ணே, எப்படி?"

"நல்ல குடும்பம்."

அவ ஒன்னும் கேக்கல. கீரையை ஆய்ஞ்சா. என்னால அந்த அமைதியில உக்கார முடியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

"இதை எப்படிண்ணே சொன்னாங்க அந்தம்மா?"

"சாப்பிட்டேன்."

கீரை ஆயிறதை நிப்பாட்டிட்டா. "சோறா?"

"சோறுதான்."

"அப்ப எங்கிட்ட என்னத்தைக் கேக்க வந்தீங்க? கல்யாணத் தேதியைச் சொல்லிட்டுப் போங்க."

"வேணாம்னா சொல்லிரலாம் தங்கச்சி..."

"யாரு சொல்றது? வயித்துல அந்த வீட்டுச் சோத்தை வச்சுக்கிட்டு நீங்க போய்ச் சொல்வீங்களா?"

அவதான் மகன்கிட்ட விசயத்தைச் சொன்னா. "மருந்து இருக்குதானேம்மா"ன்னு அவன் ஒத்துக்கிட்டான். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. அதுல என் கெட்டிக்காரத்தனம் ஒன்னும் இல்ல. அந்தப் பையன் மனசு. அவன் மாட்டேன்னு சொல்லியிருந்தா? கால்ல விழுந்த பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

கல்யாணத்துல அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் சொன்னாங்க: "விசயம் தெரிஞ்சப்புறமும் அண்ணன் இலையை விட்டு எந்திரிக்கல, பெரிய மனசு." தங்கச்சி பக்கத்துலதான் நின்னா. நான் தலையை ஆட்டினேன்.

அப்புறம் தங்கச்சி மகளுக்குக் கொடகவெல பக்கம் மாப்பிள்ளை வந்துச்சு. விசாரிக்கத் தங்கச்சி தன் புருசனை அனுப்பினா. நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத மனுசன். ஏன், நான் இல்லையான்னு கேட்டேன்.

"நீங்க போனா எல்லாத்தையும் வாங்கிட்டு, வாக்கையும் கொடுத்துட்டு வந்துருவீங்கண்ணே"ன்னு சொல்லிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊத்தப் போனா.