ரொறன்ரோவில் விடியும் வரை

நெடுந்தீவுக்குப் போவதில் உள்ள ஒரே ஆபத்து கடல் என்றுதான் நம்பியிருந்தேன். வயது ஐம்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நீந்தத் தெரியாது. கிணற்றடியில் குளிக்கும்போதுகூட வாளிக்குச் சற்றுத் தள்ளி நிற்கிற ஆள். ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் இரவு முழுக்க நான் யோசித்தது அலையை, காற்றை, உயிர்காப்பு அங்கியின் பட்டி என் வயிற்றைச் சுற்றி வருமா என்பதை. தீவில் இறங்கினால் தர்சிகாவின் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகில் திரும்பிவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தர்சிகா எங்கள் பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பின்கள வீராங்கனை. நான் அந்தக் கழகத்தின் செயலாளர். பந்தை உதைத்தால் என் செருப்புத்தான் தூரம் போகும் என்பதால் அந்தப் பதவியைத் தந்திருக்கிறார்கள். அவளை மாலைதீவில் ஒரு கழகம் எடுத்திருந்தது. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். மாதச் சம்பளம், தங்குமிடம், காயப்பட்டால் வைத்தியச் செலவு. வியாழன் மதியம் கட்டுநாயக்காவில் விமானம். அன்று மாலையே வீராங்கனைகளைப் பதிகிற கடைசி நேரம். தாய் தகப்பனிடம் சொல்லிவிட்டு வரவென்று தீவுக்குப் போனவள், செவ்வாய் இரவு எனக்கு அனுப்பியது ஒரு வரி: "அங்கிள், நான் வரேல்ல." பிறகு தொலைபேசி எடுபடவில்லை.

புதன் காலை ஆறே முக்காலுக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஏறினேன். குறிகட்டுவானுக்கு நூற்றறுபது ரூபா. பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, புங்குடுதீவுக்குள் பஸ் நுழைந்தபோது முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்காரர்கள் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். கோயில் கோபுரங்களுக்கு மட்டும் வருடா வருடம் வளர்த்தி. ஆட்கள் குறையக் குறைய கோபுரம் உயர்கிற ஊர்களைப் பார்த்துக்கொண்டே இறங்குதுறை வந்து சேர்ந்தேன். மணி எட்டுக்குக் கொஞ்சம் முன்பு.

குறிகட்டுவானில் இரண்டு வரிசை. நயினாதீவுக்குப் போகிற வரிசையில் பட்டுச்சேலை, அர்ச்சனைத் தட்டு, சிரிப்பு. நெடுந்தீவு வரிசையில் எரிவாயுச் சிலிண்டர், கோதுமை மா மூட்டை, மருந்துப் பை. ஆனி மாதத்துச் சோளகக் காற்று. படகு கட்டிய இடத்திலேயே தலையாட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு உயிர்காப்பு அங்கிகளை எடுத்தேன். ஒன்றை மாட்டினேன், மற்றதை மடியில் வைத்துக்கொண்டேன். படகுக்காரர் என்னைப் பார்த்தார்.

"மற்றது ஆருக்கு?"

"ஒண்டு பிழைச்சால் மற்றது."

"ஒண்டு பிழைச்சால் மற்றதும் பிழைக்கும் அண்ணை. எல்லாம் ஒரே நாள் வாங்கினது."

படகு துறையை விட்டதும் கண்களை இறுக மூடினேன். பக்கத்தில் மா மூட்டையோடு இருந்த பெண், நெடுந்தீவில் கடை வைத்திருப்பவர், என் முழங்கையைத் தட்டினார். "கண்ணை மூடினால் இன்னும் ஆடும். திறந்து வைச்சிருங்கோ. சத்தி வந்தால் அந்தப் பக்கம் திரும்புங்கோ, இது விக்கிற மா."

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற பயணம். கடலை நினைக்காமல் இருக்கத் தர்சிகாவை நினைத்தேன். வயது இருபத்து நான்கு. பாடசாலைக் காலத்தில் விடுதியில் இருந்து ஆடத் தொடங்கியவள். கோல் காப்பாளருக்கு முன்னால் கடைசியாக நிற்கிறவளை எங்கள் ஊரில் ஸ்ரொப்பர் என்போம். பந்தடி பார்க்க வருகிறவர்கள் அவளைப் பார்ப்பதே இல்லை. அவள் பிழை விட்டால் மட்டும் பார்ப்பார்கள். அவளோ பிழை விடுகிறதும் இல்லை. மாவட்டச் சுற்றுப்போட்டி ஒன்றில் கோல் அடித்தவளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். ஆறு ஆட்டத்தில் ஒரு கோலும் விடாதவளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி. தேசிய அணிப் பயிற்சிக்கு இரண்டு தரம் கூப்பிட்டார்கள், இரண்டு தரமும் மாற்று ஆட்டக்காரர் வாங்கிலில் இருத்தி அனுப்பினார்கள். மாலைதீவுக்காரர்கள் பார்த்தது கொழும்பில் நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் தோற்ற ஆட்டத்தை. எட்டு ஒன்பது கோல் வாங்கியிருக்க வேண்டிய ஆட்டம் அது. தோற்ற ஆட்டத்தைப் பார்த்து, தோல்வியைச் சிறிதாக்கியது யார் என்று கேட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான். இத்தனை வருடத்தில் அப்படி ஒருவர் இந்த நாட்டில் கேட்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

கடைக்காரப் பெண்ணிடம் அவள் வீட்டைக் கேட்டேன்.

"பந்தடிக்கிற பிள்ளையோ? அது செத்தவீடெல்லே."

என் மடியில் இருந்த அங்கி கீழே விழுந்தது. "ஆர் செத்தது?"

"தேப்பன்ர தமையன். ரொறன்ரோவில. முந்தநாள்தான் சேதி வந்தது. முப்பது வருசமா இந்தப் பக்கம் வரேல்ல. செத்தவர் கனடாவில, துடக்கு இஞ்ச."

எங்கள் பக்கத்தில் தகப்பன் வழியில் ஒரு சாவு என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரை அந்தக் குடும்பத்துக்குத் துடக்கு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, நல்ல காரியத்துக்குப் புறப்படுவது இல்லை. தூரம் கணக்கில் வராது. கடல் நடுவில் நான் முதல் தடவையாகக் கடலை மறந்தேன்.

ஒன்பதரைக்கு நெடுந்தீவு. இறங்குதுறையில் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் என்னைப் பிடித்தார். "பெருக்கு மரம், குதிரை, கோட்டை. மூண்டும் சேர்த்து ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"எனக்கு ஒரு வீட்டுக்குப் போகவேணும்."

"வீட்டுக்கும் அதே காசு. குதிரை வழியிலதான் நிக்கும்."

அப்படியே குதிரைகளையும் பார்த்தேன். வெயிலில் மெலிந்து நின்றன. இரண்டு பக்கமும் பவளக்கல் அடுக்கிய மதில்கள், மாடுகள், பனை. உல்லாசப் பயணிகள் எழுதும் அழகெல்லாம் உண்மைதான். அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கக் கண் இருக்கவில்லை.

வீட்டு முற்றத்தில் தர்சிகாவின் தகப்பன் கதிரை போட்டு இருத்தினார். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது, மெதுவாகப் பேசுகிறவர். கத்துகிற மனிதராக இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். தாய் தேத்தண்ணி கொண்டுவந்தார். தர்சிகா குசினி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பை கட்டியபடி கிடந்தது.

"தம்பி, பிள்ளையை நான் மறிக்கேல்ல" என்றார் தகப்பன். "அண்ணற்ற காரியம் முடியட்டும். இந்த நாட்டில அவருக்கு மிஞ்சின சகோதரம் நான் ஒருத்தன். அந்தியேட்டியை இஞ்சயும் செய்யிறம். கனடாவில இருந்து எல்லாரும் வீடியோவில பாப்பினம். அதுக்குள்ள தர்சிகா எங்கையெண்டு கேட்டால், பந்தடிக்கப் போட்டாள் எண்டு சொல்லுறதோ?"

"வேலைக்குப் போட்டாள் எண்டு சொல்லுங்கோ."

"பந்தடி வேலையோ?"

இதற்குத்தான் நான் பதில் வைத்திருந்தேன். துடக்கு வீட்டு ஆசிரியர் பாடசாலைக்குப் போகாமல் விடுகிறாரா? கந்தோர்காரர் கந்தோருக்குப் போகாமல் விடுகிறாரா? மீன்பிடிக்கிறவர் முப்பத்தொரு நாள் வலையை மடித்து வைக்கிறாரா? இவளுக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு, மேலதிகாரி உண்டு. நான் ஒரு வழக்கறிஞரைப் போல எழுந்து நின்று பேசினேன். உயிர்காப்பு அங்கியைக் கழற்ற மறந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் அசையவில்லை. எனக்குப் பழக்கமான ஐயர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். கிணற்றடி மதில் மூலையில் மட்டும்தான் சமிக்ஞை கிடைத்தது. எல்லோரும் அங்கே போய்க் கூடினோம். ஐயர் தெளிவாகச் சொன்னார்: "உத்தியோகத்துக்குப் போறதுக்குத் துடக்கு மறிப்பில்லை. பிள்ளை தாராளமாப் போகலாம்."

தகப்பன் தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு, "சரி. வேலைதான்" என்றார்.

தர்சிகா இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். தாய் அவள் முதுகைத் தடவினார். ஏழு வருடம் ஆடியும் அந்த வீட்டில் கிடைக்காத சொல் அது. மணி பதினொன்றரை. கடைசிப் படகு இரண்டரைக்கு. இரவு கொழும்பு பஸ், காலையில் கட்டுநாயக்கா. முடிந்தது என்று நினைத்தேன்.

"அண்ணியிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போகட்டும்" என்றார் தகப்பன்.

அண்ணி என்றால் ரொறன்ரோவில் இருக்கும் விதவை. அழைப்பை எடுத்தது அவருடைய மகன். குரல் படுக்கையில் இருந்து வந்தது. "சித்தப்பா, இஞ்ச விடியப்புறம் ரெண்டு மணி. அம்மா நித்திரைக் குளிசை போட்டுட்டுப் படுத்தவா. எட்டுக்குப் பிறகு எடுங்கோ."

ரொறன்ரோவின் எட்டு மணி நெடுந்தீவின் பின்னேரம் ஐந்தரை.

"மகன் எழும்பித்தானே இருக்கிறார், அவரையே கேளுங்கோவன்" என்றேன்.

"அவன் சின்னப் பொடியன்."

"எத்தினை வயசு?"

"நாப்பத்தொண்டு."

அதன் பிறகு நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. கெஞ்சினேன். பகிடி விட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்து பார்த்தேன். தாய் ஓடிப்போய்ச் சீனி போட்ட தண்ணி கொண்டுவந்தார், அதோடு அந்த நாடகமும் முடிந்தது. புருசனைப் பறிகொடுத்த மனுசியை இரண்டு மணிக்கு எழுப்பிப் பந்தடிக்கு உத்தரவு கேட்க ஏலாது என்று தகப்பன் சொன்னார். இன்றைக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

ஒன்றே முக்காலுக்கு ஓட்டோக்காரத் தம்பி படலையில் வந்து ஒலி எழுப்பினார். நான் தர்சிகாவை வெளியே கூப்பிட்டேன்.

"பையை எடும். வாரும், போவம். மிச்சத்தை நான் கொப்பரோட கதைக்கிறன்."

"ஏலாது அங்கிள்."

"உமக்குப் பயமோ?"

"பயமெண்டால் நேற்றே அழுது முடிச்சிருப்பன்." அவள் மதிலில் சாய்ந்தாள். "என்ர தங்கச்சியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்கட கழகத்தில சேர நிக்கினம். தெரியும்தானே? நான் சொல்லாமல் ஓடினால் அதுகளை ஆர் விடுவினம்? முன்னுக்கு விளையாடுறவள் ஓடலாம். நான் ஓடினால் பின்னுக்குக் கிடக்கிறது வெறும் கோல் வாசல்."

"அப்ப நீர்?"

"எனக்கு என்ன. சைக்கிளே கிடைக்கேல்ல." அவள் சிரிக்கவில்லை.

ஓட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "அண்ணை, நீங்களாவது வாறியளோ?" நான் இல்லையென்று தலையாட்டி அனுப்பினேன். இரண்டரைக்குப் படகு போனது.

பின்னேரம் ஐந்து முப்பத்தைந்துக்கு அண்ணி எடுத்தார். விசயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன கேள்வி? பிள்ளையை மறிச்சு வைச்சிருக்கிறியளோ? அவர் இருந்தால் தானே கூட்டிக்கொண்டு போயிருப்பார். இப்பவே அனுப்புங்கோ."

தகப்பன் தொலைபேசியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. "பாத்தியளோ, கேட்டது நல்லதாப் போச்சு. இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

உண்மையில் அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. திட்டுவதற்கு ஒரு வில்லன் இருந்தால் இந்தப் பயணம் எவ்வளவு சுகமாக முடிந்திருக்கும்.

மாலையில் கரையோர மீன்வாடிக்குப் போய் மீனவர்களைக் கேட்டேன், நானே, அந்தக் காற்றில், சின்னப் படகில் ஏறத் தயார் என்று. இருட்டில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை என்றார் ஒருவர். அனுமதி இருந்தாலும் இந்தச் சோளகத்துக்குள் இறங்க மாட்டோம் என்றார் மற்றவர்.

வியாழன் காலை ஆறரைக்கு முதற் படகு. தர்சிகாவும் நானும் ஏறினோம், விமானம் பிந்தினாலும் பிந்தும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால். அலை முந்திய நாளைவிட மோசம். நான் அங்கி மாட்டியிருக்கவில்லை என்பதைப் பாதி வழியில் கவனித்தேன். தீவு பின்னால் தட்டையாகி மறைந்தபோது, யாழ்ப்பாணத்தில் மட்டும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக் கூரைக்கு ஓடு போடுவதா தகடு போடுவதா என்று லண்டனில் இருக்கும் தமையன் இன்னும் சொல்லவில்லை. இரண்டு மாரியாக வாளி வைத்து ஒழுக்குத் தண்ணி பிடிக்கிறேன். நான்தான் அந்தத் தகப்பனுக்கு நியாயம் சொல்லப் போனேன்.

குறிகட்டுவானில் இருந்து வாடகைக்கு ஒரு வான் பிடித்தோம். மதியம் பன்னிரண்டரைக்கு விமானம் குறித்த நேரத்தில் புறப்பட்டது. நாங்கள் அப்போது வவுனியாவைத் தாண்டியிருக்கவில்லை. அன்று மாலை பதிவு முடிந்தது. அவளுடைய இடத்துக்கு அந்தக் கழகம் நேபாளத்தில் இருந்து ஒரு பின்கள வீராங்கனையை எடுத்தது. தர்சிகா அந்தப் பருவம் எங்கும் ஆடவில்லை.