கடற்கரைக் கேசரி

எங்கள் ஊர் ஆரணியில் காலைப் பலகாரத்துக்குப் பெயர் போன ஓட்டல்கள் நாலைந்து இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருப்பதில்தான் எனக்கு இருபது வருடப் பழக்கம். சுவர் ஓர மேஜை, நாலு இட்லி, ஒரு வடை, காரச் சட்னி இரண்டு தடவை. என்ன வேண்டும் என்று சப்ளையர் என்னிடம் கேட்கவே மாட்டார். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். அன்று அந்தச் சட்னி நாக்கில் பட்டதும் எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. மிளகாயை மாற்றிவிட்டு யாரை ஏமாற்றுகிறீர்கள் என்று கல்லா வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அதே மொளகா, அதே மாஸ்டருதாங்க. மத்தவங்கல்லாம் சாப்ட்டுகினுதான கீறாங்க," என்றார் சப்ளையர்.

சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சவரக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து நாக்கை நீட்டினேன். இடது ஓரத்தில் பாதி மொச்சைக்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அதன் ஓரம் சிவந்திருந்தது. பல் கடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மாசி வந்தது, போகவில்லை. பங்குனி வந்தது, அப்போதும் போகவில்லை. காரச் சட்னியை விட்டேன், பிறகு சாம்பாரை விட்டேன், கடைசியில் இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். "இன்னாங்க, பால்வாடி புள்ள மாரி," என்று சப்ளையர் கிண்டல் செய்தார். நானும் சிரித்துவைத்தேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். அங்கே என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பயம். பயம் என்று ஒத்துக்கொள்ளவும் வெட்கம்.

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அடுப்பில் அண்டா கொதிக்கும், சாயப்பொடியைக் கரைத்து ஊற்றி, கழிகளாகச் சுற்றிய நூலைக் கம்பில் மாட்டி முக்கிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சாயம் நூலில் ஏற ஆசிட் விடுவோம். அது கூடினால் நூல் முரடாகும், குறைந்தால் நிறம் ஏறாது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சாயத் தண்ணீரில் விரலைத் தொட்டு, ஆறவிட்டு, நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவோம். புளிப்பு சொல்லிவிடும், அதன் அடியில் சாயத்தின் கசப்பும் தெரியும். அதற்கென்று சோதனைத் தாள் கடையில் கிடைக்கிறது. எங்கள் பட்டறை அலமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது, பிரிக்காமல். நாக்கு இருக்கும்போது தாள் எதற்கு என்று நானே பத்துப் பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். நான் எப்போதும் தொட்டுப் பார்க்கும் இடம் இடது ஓரம்.

என் தம்பிக்கும் அந்தப் பழக்கத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்து வருடம் என்னோடு பட்டறையில் நின்றவன். புகையும் ஈரமும் ஒத்துவரவில்லை என்று, பெண் எடுத்த ஊரான புதுச்சேரிக்கே போய், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டிபன் கடை போட்டான். முதல் இரண்டு வருடம் ஈ ஓட்டினான். அந்தத் தெருவில் காலைச் சாப்பாட்டுக்கே ஏழெட்டுக் கடைகள் இருந்தன. ஒன்றில் பிரெஞ்சு ரொட்டியும் ஆம்லெட்டும், ஒன்றில் பழக்கூழ் கிண்ணம், ஒன்றில் நெய் ரோஸ்ட். எல்லாக் கடையிலும் கூட்டம், இவன் கடையில் மட்டும் இவன்.

போன வருடம் ஆடி மாதத்தில் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, கடல்லேர்ந்து சூரியன் ஏறும்போது ஒரு நிமிசம் ஒரு கலரு வரும். ஆரஞ்சும் இல்ல, செவப்பும் இல்ல. அத்த நீ பண்ணித் தரணும்."

"எதுக்குடா?"

"மேஜைக்கு விரிக்கத் துணி. கடைய ஜோரா மாத்தப் போறன்."

"என் சாயம் பருத்தியில ஒட்டாதுன்னு தெரியாதா உனக்கு?"

போனை விலக்கிப் பிடித்துக் கடைப் பையனை ஏதோ அதட்டினான். பிறகு, "பட்டுத் துணிதாண்ணா," என்றான்.

சாம்பார் சிந்துகிற மேஜைக்குப் பட்டு விரிப்பா என்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். புதுச்சேரிக்குப் போனதும் ஜமீன்தார் ஆகிவிட்டாயோ என்று கேலி செய்தேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஏனென்றால் என் புத்தி முழுக்க அந்த நிறத்தின் மேல் போய்விட்டது. மூன்று நாள் உட்கார்ந்து, இரண்டு ஆரஞ்சையும் ஒரு ரோஜாவையும் மாற்றி மாற்றிக் கலந்து, நூல் முடிச்சுகளில் ஏற்றி வெயிலில் காயவைத்துப் பார்த்து அதைப் பிடித்தேன். என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல நிறம் அதுதான். பொடியைப் பொட்டலம் கட்டி, எங்கள் பட்டறை வழக்கப்படி கழிவுப் பட்டு நூலால் இரட்டை முடிச்சுப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் இன்னொரு பொட்டலம் கேட்டான். அதற்கப்புறம் இன்னொன்று. "இன்னாடா, கடலுக்கே சாயம் போட்டுகினு கீறியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அதே சமயத்தில் அவன் கடைக்கு யோகம் அடித்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே வரிசை நிற்பதாகவும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தேடி வருவதாகவும் உறவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விடியல் கேசரி என்று ஒன்று போடுகிறானாம், அதைப் படம் எடுக்காமல் யாரும் சாப்பிடுவதில்லையாம். என் மனைவி போனில் அந்தப் படங்களைக் காட்டினாள். போன் திரையில் தெரியும் நிறத்தை எந்தச் சாயக்காரனும் நம்பமாட்டான். நான் சரியாகப் பார்க்கவில்லை.

சித்திரையில் பள்ளி விடுமுறை விட்டதும், "கொழுந்தனார் கடைய ஊரே பாத்துட்டு வருது, நாம போவலன்னா நல்லாருக்குமா?" என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். வந்தவாசி, திண்டிவனம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஞாயிறு. காலையில் தம்பி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தோம். ஆறு வயதுக் குழந்தை, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வழி முழுக்க வாய் ஓயவில்லை. தினமும் அப்பா கடையில்தான் தனக்குக் காலைச் சாப்பாடு என்றும், முதல் கரண்டிக் கேசரி தனக்குத்தான் என்றும் சொன்னாள்.

வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. வெள்ளைக்காரர்கள், கூலிங் கிளாஸ் போட்ட பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். எங்களைத் தம்பி பக்கவாட்டுக் கதவால் உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டு ஓடினான். நான் முதலில் தேடியது என் நிறத்தைத்தான். மேஜைகள் எல்லாம் வெறும் கருங்கல். விரிப்பு இல்லை. திரைச்சீலை இல்லை, தோரணம் இல்லை. ஆட்களின் தலையில் கட்டியிருந்த துணியும் நீலம். மூன்று பொட்டலம் சாயம் அனுப்பியிருக்கிறேன், ஒரு முழம் துணிகூடக் கண்ணில் படவில்லை.

"துணி எங்கடா?" என்று அவன் பக்கத்தில் வந்தபோது கேட்டேன்.

"துவைக்கப் போட்டுகீதுண்ணா, சாப்டு மொதல்ல," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். பட்டைத் துவைக்கப் போட்டிருக்கிறானாம், என்னிடம் சொல்கிறான்.

கேசரி வந்தது. வாழையிலை வட்டத்தில் ஒரு கிண்ண அளவு, மேலே ஒரே ஒரு முந்திரி.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை ஒருவன் கூட்டத்தில் அடையாளம் தெரியாமல் விடுவானா? கடைத்தெருவில் விற்கிற கேசரிப் பவுடர் மந்தமான மஞ்சள். இது ஜன்னல் வெளிச்சம் பட்ட பக்கத்தில் ரோஜா அடித்தது. அந்த ரோஜாவைப் பிடிக்க நான் மூன்று நாள் தவமிருந்திருக்கிறேன். ஓரத்தில் கசிந்த நெய்கூட அதே நிறம். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. விரலால் ஒரு துளி எடுத்து, கை பழக்கத்தில் நாக்கின் இடது ஓரத்தில் வைத்தேன். திட்டின் மேல் பட்டு உயிர் போனது. வலிக்கு அடியில் சர்க்கரை, ஏலக்காய், அதற்கும் அடியில், இருபது வருடமாக நான் தினமும் துப்பிக்கொண்டிருக்கும் அந்தக் கசப்பு.

பக்கத்தில் குழந்தை தன் இலையை வழித்து முடித்து ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தாள். எதிர் மேஜையில் ஒரு தாய் கைக்குழந்தைக்கு அதை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்து சமையற்கட்டுக்குள் போனேன். அலமாரியில் ஏலக்காய் டப்பாவுக்கும் முந்திரி டப்பாவுக்கும் நடுவில் என் பொட்டலம் இருந்தது. என் கை போட்ட இரட்டை முடிச்சு, பாதி அவிழ்ந்து. அதை எடுத்துத் தம்பியின் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அடுப்பில் ஒரு பெரிய சட்டி நிறைய அடுத்த கேசரி கிளறிக்கொண்டிருந்தார்கள். சட்டியை நான் கவிழ்க்கப் போக, அவன் குறுக்கே நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"கத்தாதண்ணா, வெளிய ஜனம் கீது. ஒரு சிட்டிகைதான் போடறன், சத்தியமா ஒரு சிட்டிகை."

"அது நூலுக்குடா! மனுசன் வயித்துக்கா?"

"கடைத்தெரு பொடி போட்டா போட்டோல மஞ்சளா வருது. ரெண்டு வருசம் ஈ ஓட்டனன், நீ பாத்தியா? இந்தக் கலருக்குதான் இத்தினி பேர் நிக்கறாங்க. நெசத்த சொன்னா நீ தரமாட்டன்னுதான் துணின்னு சொன்னன்."

"அந்தக் கொயந்தைக்குமாடா குடுப்ப?"

அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தான்.

"தப்புன்னு தெரிஞ்சா எம் பொண்ணுக்கு ஊட்டுவனா? நாம தெனம் நாக்குல வச்சிப் பாக்கலயா? நீதான கத்துக்குடுத்த, ஒன்னும் ஆவாதுன்னு நீதான சொன்ன? நான் பத்து வருசம் வச்சன். நீ இன்னமும் வச்சிகினு கீற. உனக்கு இன்னா ஆய்ப்போச்சி?"

இந்தத் திட்டு சாயத்தால்தான் வந்தது என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை, யாரிடமும் நான் காட்டவே இல்லையே. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் கிடையாது. அடுப்படி விளக்குக்கு நேராக நின்று வாயைத் திறந்து நாக்கை நீட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். என் கையைப் பிடித்திருந்த அவன் பிடி மெல்லத் தளர்ந்தது. கிளறிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே விட்டுவிட்டார். கதவருகில் வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் பின்னாலேயே வந்த மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் இடுப்புப் பக்கமாக நுழைந்து குழந்தை உள்ளே வந்தாள். பெரியப்பா நாக்கை நீட்டுவதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே குஷி. என் முன்னால் வந்து நின்று, தலையை அண்ணாந்து, தன் நாக்கை எவ்வளவு நீளமாக நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள். நுனியிலிருந்து உள்ளே தொண்டை வரைக்கும், இரண்டு ஓரமும், என் நிறம்.

"பெரியப்பா, பாரேன், என்துதான் கலரு ஜாஸ்தி," என்றாள்.

தம்பி அடுப்பை அணைத்தான். தோளில் கிடந்த துண்டின் நுனியைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, மகள் முன்னால் மண்டியிட்டு அவள் நாக்கைத் துடைத்தான். துண்டில் கொஞ்சம் ஒட்டியது. மறுபடி நனைத்து அழுத்தித் துடைத்தான். வலிக்கிறது என்று குழந்தை அழ ஆரம்பித்தாள். அவன் நிறுத்தவில்லை. நல்ல சாயம் துடைத்தால் போகாது. போகாதபடி போட்டுக்கொடுத்தவன் நான்.

கூடத்திலிருந்து யாரோ இன்னும் இரண்டு கேசரி என்று குரல் கொடுத்தார்கள். மனைவி என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எத்தினி நாளா?" என்று கேட்டாள்.