பூரணியின் காம்பராவும் அடுத்த வீட்டுச் சூடும்

கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பூரணி வட்டகொடை மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பத்து மூன்றாம் வருஷம். புருஷன் கணேசமூர்த்தியைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு, பார்க்காவிட்டால் கிறுக்கு. கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது தனியாகச் சிரிப்பாள். "முத்திருச்சு" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பண்ணினால் அதற்கும் சிரிப்பாள். அப்படிப்பட்டவளைத் தலைப்பிரசவத்துக்காக நாலைந்து மாதம் பிரித்துக்கொண்டு போக அவள் அம்மா வீரம்மா நாள் குறித்துவிட்டாள்.

வர மாட்டேன் என்று பூரணி சொல்லியனுப்பினாள். வீரம்மா விடுகிற ஆளா? "அந்தக் குளிருல பச்சப்புள்ள வெறச்சுப்போகும். வெள்ளிக்கெழம வர்றேன். நாலு மூலையும் சூடா இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி கையோட கூட்டியாந்துருவேன்" என்று பதில் வந்தது.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசியாக இருந்த ஒற்றை அறைக் காம்பரா அவர்களுடையது. அடுப்பருகே உட்கார்ந்தால் முழங்கால் பொசுங்கும். நாலடி தள்ளி வாசலோரம் போனால் பல் தந்தியடிக்கும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து எத்தனை கட்டு மிலாறுக் குச்சி சுமந்துவந்து எரித்தாலும் இதே கதைதான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்மாக்கண்ணுவோ இரண்டே குச்சியில் கஞ்சி காய்ச்சிவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பாள். அது ராசியான காம்பரா என்று லயமே நம்பியது.

கணேசமூர்த்தி தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். சூடு எந்த வழியாக ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு காம்பராவைச் சுற்றி வந்தான். கதவடியில் புகை உள்பக்கம் சாய்ந்தது. காற்று அங்கே புகுந்துகொண்டிருந்தது. வெளிச்சுவர் மழை ஈரத்தில் ஊறிச் சில்லிட்டுக் கிடந்தது. நடுச்சுவருக்கு வந்ததும் புகை விறுவிறுவென்று மேலேறி, சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையிலிருந்த ஒரு முழச் சந்தில் புகுந்து அடுத்த வீட்டுக்குப் போனது.

"அடக் கெரகமே! நாம எரிக்கிறது, அந்தம்மா குளிர் காயுறதா?" என்றான். பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருவரும் கதவடியில் கந்தலைச் செருகினார்கள், ஈரச் சுவரில் பாயை மாட்டினார்கள், அடுப்புப் புகைக்கு மட்டும் வழி விட்டுச் சந்து முழுக்கச் சாக்கை அடைத்தார்கள். காம்பரா கும்மென்று சூடேறியது.

வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழையில் வீரம்மா வந்தாள். ஈரப் புடவையோடு மூலை மூலையாக நின்று, சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அம்மாக்கண்ணு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"எவடி எஞ்சூட்டக் களவெடுத்தது? ரெண்டு நாளா நடுங்கிச் சாகுறேன்! இந்த லயத்துல புள்ள எடுக்கிறது நாந்தான். என் கை வெறச்சுப்போனா ஒம் பேரப்புள்ளைய எந்தக் கையால புடிக்கிறது?"

அவ்வளவுதான், பிழைப்பு போச்சு என்று நினைத்தாள் பூரணி. சிரிப்புக்கூட வரவில்லை.

வீரம்மா சாக்கு அடைத்த சந்தை அண்ணாந்து பார்த்தாள். அம்மாக்கண்ணுவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, இத்தன வருஷமா ஓசிச் சூட்டுலயா இருந்தீங்க? மொதல்ல போய் ஒங்க அடுப்புல நாலு வெறகு வைங்க. ரெண்டு பக்கமும் எரிஞ்சா யாரு சூட்ட யாரு எடுக்கப் போறா? மாப்ள, சாக்க உருவுங்க."

சாக்கு உருவப்பட்டது. அந்தப் பக்கமும் அடுப்பு மூண்டது. அரை மணி நேரத்தில் இரண்டு காம்பராவும் வெதுவெதுப்பாகிவிட்டன.

"சரி, எம்மக இங்கயே பெத்துக்கட்டும்" என்றாள் வீரம்மா.

பூரணிக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. வீரம்மா தன் மூட்டையை அவிழ்த்து அடுப்போரம் பாயை விரித்தாள். "புள்ள பொறந்து மூணு மாசம் வரைக்கும் நானும் இங்கதான். மாப்ள, நீங்க வெளிய இஸ்தோப்புல படுத்துக்கங்க."

கணேசமூர்த்தி கம்பளியை எடுத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்குப் போனான். கதவு சாத்தப்பட்டது.

"ஏங்க, குளிருதா?" என்று பூரணி கதவோரம் போய்க் கேட்டாள்.

"நீ கொத்மலைக்கே போயிருந்தா நான் அடுப்போரமாவது படுத்திருப்பேன்டி!"

பூரணிக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பில், வலி கண்டுவிட்டதோ என்று வீரம்மாவே பயந்துபோய் எழுந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.