அண்ணியின் போனில் இருந்த இரைச்சல்

கடுகைவிடச் சிறிய கெப்பாசிட்டர் அது. கீழே விழுந்தால் எறும்புதான் தேடித் தர வேண்டும். அண்ணியின் செல்போன் மைக்கில் அதைப் பற்றவைத்த அன்று எனக்கிருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

வலங்கைமான் கடைத்தெருவில் நான் செல்போன் பழுது பார்க்கும் கடை போட்ட புதிது. அண்ணன் துபாயில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். அவர் அனுப்பிய போனில் அண்ணி பேசினால் அந்தப் பக்கம் ஒரே ‘கொர்ர்’ என்று கேட்குமாம். “நீ கடை வச்சு என்னடா பிரயோஜனம்? உங்க அண்ணி கொரலே கேக்கல” என்று ஏசினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணியோ, “கொஞ்சம் இரைஞ்சா இரைஞ்சுட்டுப் போவுது, விடுங்க தம்பி” என்றார். போனைக் கெடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்து, ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

ஆண்டெனாவின் அலை மைக் கம்பியில் ஏறுவதுதான் கோளாறு. மைக்கின் இரு முனைக்கும் குறுக்கே கெப்பாசிட்டரை வைத்தேன். சுற்றிலும் மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டி, போர்டின் எர்த்தோடு சேர்த்தேன். பேசிப் பார்த்தால் அத்தனை தெளிவு.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அடுத்த முறை அண்ணன் கூப்பிட்டபோது அண்ணியின் குரலோடு பம்புசெட் ஓடும் சத்தமும், நடவுப் பெண்களின் சிரிப்பும், “நாத்து முடிய இங்க வீசுடி” என்ற கூப்பாடும் சேர்ந்தே போயிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் குனிந்த குடும்பம் எங்களுடையது. நம் வீட்டுப் பெண் இனி யார் வயலிலும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் விமானம் ஏறினார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் பிள்ளையில்லாத வீட்டில் அண்ணி நாளெல்லாம் யார் முகத்தைப் பார்ப்பார்? எங்களுக்குத் தெரியாமல் நடவுக்குப் போனதும், அந்தப் பெண்களோடு சிரித்துக் கிடந்ததும்தான் அவருக்கு உயிர். அண்ணன் வெகுநாள் அவரோடு பேசவில்லை. அண்ணி வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் கடைக்கு வந்தார். “அந்த இரைச்சலத் திரும்பப் போட்டுத் தர முடியுமா தம்பி?” என்று கேட்டார்.

சூடான சால்டரிங் அயர்ன் என் கையில்தான் இருந்தது. தொட்டு எடுத்தால் முடிந்தது வேலை. “அண்ணனுக்குத் துரோகம் பண்ணச் சொல்றீங்களா அண்ணி?” என்றேன். அண்ணனைச் சாக்குச் சொன்னேனே தவிர, என் கைவேலையை நானே கெடுக்க மனம் வரவில்லை, அதுதான் உண்மை. அவர் போனை முந்தானையில் துடைத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். அதன்பின் எப்போது கூப்பிட்டாலும் அவர் குரல் மட்டும்தான் கேட்கும். பின்னால் ஒரு சத்தமும் இருக்காது.

போன மாதம் பரணை ஒழித்தபோது அந்தப் போன் கிடைத்தது. வேறு பாட்டரியும் என் சிம்மும் போட்டு, கெப்பாசிட்டரையும் தகட்டையும் எடுத்துவிட்டு, திண்ணையில் இருந்த அண்ணியின் புதுப் போனுக்கு அதிலிருந்து கூப்பிட்டேன். அதே ‘கொர்ர்’. அண்ணி காதில் வைத்துக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப எதுக்கு தம்பி? நடவுக்கே மிஷின் வந்துடுச்சு” என்றார்.

விரல் நுனியில் ஒட்டியிருந்த கெப்பாசிட்டரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.